தளர்ந்த கணுக்கால்

எவாரிஸ்தோ பொய்ப்பல் செய்கிறவன். அவன் செய்த பற்களை வைத்துக்கொண்டு மெக்சிகோவின் புவேப்லா நகரத்தில் பாதிப் பேர் இறைச்சி கடிக்கிறார்கள். ஒருவருக்கும் வெட்கமில்லை. தான் வாங்கும் பொம்மைகளுக்காக அவன் மட்டும் வெட்கப்பட்டான்.

எல்லாம் உருமாறும் ரோபோக்கள். ஒரிஜினல் வாங்க அவன் சம்பாத்தியம் காணாது. இணையச் சந்தையில் டூப்ளிகேட் தேடுவான். படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பான். வாங்கியவர்கள் எழுதிய புகார்களை ஒன்றுவிடாமல் படிப்பான். கப்பலில் வரும் பொட்டலத்துக்கு மாதக்கணக்கில் காத்திருப்பான். நாற்பத்தாறு வயது. தபால்காரர் கேட்டால் அக்காள் மகனுக்கு என்பான். அக்காள் மகன் பட்டாளத்தில் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செமீத்தா ரொட்டிக் கடையின் பின்கட்டில் ரோபோ சேர்க்கிறவர்கள் கூடுவார்கள். மேசையில் டூப்ளிகேட் வைக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவள் ஒத்திலியா, பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். முதல் நாள் அவள் அவனுடைய மஞ்சள் ரோபோவை எடுத்து, மடக்கிக் கிரேன் வண்டியாக்கி, ஒரிஜினலுக்கு இருக்கிற கனமே தனி என்று எல்லோரிடமும் சொன்னாள். மறுக்க வாயெடுத்தான். அதற்குள் கிரேன் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. எடுத்த வாயால் நன்றி சொன்னான். அதற்குப் பிறகு அவன் ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை. யாராவது அவனை எதிர்பார்க்கும் இடம் அது ஒன்றுதான்.

ஆனால் ஒரு சிக்கல். அந்தக் கிரேனின் ஒரிஜினலுக்குக் கணுக்கால் தளர்வு. இரவில் நிறுத்தினால் விடிவதற்குள் மல்லாந்துவிடும் என்று வாங்கியவர்கள் அழுதிருந்தார்கள். டூப்ளிகேட் செய்தவன் அதைச் சரிசெய்துவிட்டான். எவாரிஸ்தோவின் கிரேன் ஒற்றைக் காலில்கூட நின்றது. பல் செதுக்கும் மேசையில் அதைப் படுக்கவைத்து, இரண்டு கணுக்கால் திருகுகளையும் தளர்த்தினான். அடுத்த ஞாயிறு அது மேசையில் சரிந்து விழுந்தபோது எல்லோரும் அவனுக்காக வருத்தப்பட்டார்கள். நல்ல பொருளைக் கெடுத்துக் கௌரவம் தேடிக்கொண்டவன் மெக்சிகோவில் தான் ஒருத்தனாகத்தான் இருக்கும் என்று அவனுக்குப் பட்டது.

ஜூன் மாதம் பக்கத்து ஊரான த்லாஸ்கலாவிலிருந்து ஒருவன் அதே கிரேனோடு வந்தான். ஒத்திலியாவின் மூன்று பழைய பொம்மைக் கார்களுக்கு மாற்றிக்கொள்ளத் தயார் என்றான். சிறுமியாக இருந்தபோது மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அவளுக்குக் கிடைத்த கார்கள். ஆனால் கிரேன் அவளுடைய நெடுநாள் ஆசை. கார்களைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். வந்தவனின் கிரேன் அசையாமல் நின்றது. கணுக்காலில் நகப்பூச்சு தடவி இறுக்கியிருப்பதாகச் சொன்னான். இப்படி ஒரு வழி இருப்பது அங்கே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. நம்பினார்கள்.

கும்பலில் வாய் நீளமானவன் நிக்கானோர். “பல்லு டாக்டரே, இத வெச்சிருக்கறவரு நீங்க ஒருத்தர்தான். பாத்துச் சொல்லுங்க,” என்றான்.

எவாரிஸ்தோ முதுகுத் தகட்டைத் திறந்தான். உள்ளே அரிசி அளவுக்கு ஒரு புடைப்பு. டூப்ளிகேட் வார்த்த அச்சில் உள்ள கோளாறு. அவனுடையதிலும் அதே இடத்தில் இருந்தது. அதனால்தான் அந்தத் தகட்டை அவன் யார் முன்னாலும் திறந்ததில்லை. மூடினான். துடைத்தான். மறுபடி திறந்தான். நல்லதுதான் என்று சொல்லிவிட்டால் போதும், ஞாயிறுகள் பத்திரம். ஒத்திலியா அதற்குள் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள்.

“கார உள்ள வைங்க,” என்றான். “இது டூப்ளிகேட்.”

த்லாஸ்கலாக்காரன் எழுந்துவிட்டான். ஒரு புடைப்பை வைத்து எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டான். நியாயமான கேள்வி. எவாரிஸ்தோ தன் கிரேனை எடுத்து, தகட்டைத் திறந்து, பக்கத்தில் வைத்தான். அதே இடம், அதே புடைப்பு.

இரண்டு தகடுகளுக்குள்ளும் எல்லோரும் எட்டிப்பார்த்தார்கள்.

“அப்ப உங்களுது மட்டும் ஏன் விழுது?” என்றாள் ஒத்திலியா.

“நாந்தான் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி வெச்சேன்.”

“எதுக்கு?”

“ஒரிஜினல் மாதிரி இருக்கட்டும்னு.”

நிக்கானோருக்குக் குடித்துக்கொண்டிருந்த எலுமிச்சைச் சாறு மூக்கில் ஏறியது. “நல்லா நின்னத விழவெச்சு, அதுக்கு நம்மகிட்ட ஆறுதல் வேற வாங்கியிருக்காரு மனுஷன்.”

ஒத்திலியா சிரிக்கவில்லை. “டிசம்பர்ல ஒரு நீல ரயில் கொண்டாந்தீங்களே?”

“அதுவும்தான்.”

“பச்சை லாரி?”

“அது டூப்ளிகேட்டுக்கு டூப்ளிகேட்.”

“அத போட்டோ எடுத்து வீட்ல மாட்டி வெச்சிருக்கேன்,” என்றாள்.

த்லாஸ்கலாக்காரன் தானும் ஏமாந்துதான் வாங்கியதாகச் சொன்னான். யாரும் விசாரிக்கவில்லை. போய்விட்டான். ஒத்திலியா கார்களை மறுபடி முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்தது தன் முறை என்று எவாரிஸ்தோவும் எழுந்து பையை எடுத்தான்.

“எங்க கெளம்பறீங்க? ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?” என்றாள் ஒத்திலியா.

கொடுத்தான். அவள் அவனுடைய கிரேனின் இரண்டு கணுக்கால்களையும் இறுக்கினாள். நிறுத்திப் பார்க்க மேசைக்குக் கொண்டுபோனவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள். சட்டம் அவள் போட்டதாயிற்றே. சுற்றிலும் பார்த்தாள். காலியாக இருந்தது அவன் எழுந்த நாற்காலிதான். கிரேனை அதில் நிறுத்தி, ஒரு காலைத் தூக்கிவிட்டாள். ஆடவில்லை.

சூடாக செமீத்தாக்கள் வந்தன. அவனுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தார்கள். எவாரிஸ்தோ நின்றுகொண்டே சாப்பிட்டான்.