முதல் கரண்டி

கரண்ட் வந்ததும் எங்கள் தெருவே "வந்திடுச்சு!" என்று கத்தும். யாங்கூனில் இதற்குக் கிழவர், குழந்தை என்ற வித்தியாசம் கிடையாது. அன்று காலை ஒன்பது மணிக்கு அந்தக் கூச்சல் எழுந்தபோது நான் கத்தவில்லை, தண்ணீர் மோட்டார் போடக் கீழே ஓடினேன். எல்லா மாடிக்காரர்களும் ஒரே குழாயிலிருந்துதான் இழுக்க வேண்டும். முந்தியவளுக்குத் தண்ணீர் வரும், பிந்தியவளுக்கு வெறும் காற்று வரும்.

எதிர்வீட்டு நூ நூ அக்காவின் கை ஏற்கனவே சுவிட்சில் இருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் விடுங்கக்கா. பையன் கிளம்பறான், சமைக்கணும்."

"உனக்கு தினமும் இன்னிக்கு ஒரு நாள்தான், யின் மே. தண்ணி இல்லாம பட்டாணி எப்படி வேகும்? சாயங்காலம் எதை விக்கறது, உன் வாயையா?"

வாய் தடித்தது. தண்ணீர்த் திருடி என்று சொல்லிவிட்டேன். கடைசியில் அரை வாளித் தண்ணீரோடு மேலே வந்தேன்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் பெயர் விழுவதற்குள் என் மகன் ஸேயா எல்லை தாண்டி தாய்லாந்துக்குப் போய்விட வேண்டும். பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போகும் கார் ஒரு மணிக்கு வரும் என்றார்கள். எப்போது திரும்புவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் சொல்லியிருப்பான், பாவம். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். என் கையால் சுடச்சுடச் சோறு தின்றுவிட்டு அவன் படியிறங்க வேண்டும்.

எல்லா மோட்டாரும் ஓடும்போது கரண்ட் பலவீனமாகிவிடும். மின் அடுப்பையும் சோற்றுக் குக்கரையும் சேர்த்துப் போட முடியாது. முதலில் சோறு, பிறகு கறி என்பது இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கறி பாதியில் நின்றால் ஏதோ ஒன்று தின்னலாம், சோறு பாதியில் நின்றால் பட்டினிதான். தெரிந்தும் நான் மாற்றிச் செய்தேன். சோறு ஆறிவிடக் கூடாதே என்ற ஆசை. மாங்காய் ஊறுகாய் போட்ட பன்றிக்கறியை எண்ணெய் பிரியும்வரை வதக்கி இறக்கிய பிறகுதான் குக்கரின் சுவிட்சைத் தட்டினேன்.

கறி மணத்துக்கு ஸேயா வந்தான். முதல் கரண்டியை எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் ஓரமாக வைத்தான். அது கப்பலில் வேலை பார்க்கும் அவன் அப்பாவுக்கு. வீட்டில் இல்லாத பெரியவர்களுக்கு எடுத்து வைத்த பிறகுதான் நாங்கள் வாய் வைப்போம். வேறு எதை மறந்தாலும் அவன் இதை மறந்ததில்லை.

தலைக்கு மேலே மின்விசிறி மெதுவாகி நின்றது. ஒரு மணிவரை இருக்க வேண்டிய கரண்ட் பன்னிரண்டுக்கு முன்பே போய்விட்டது. போகும்போது மட்டும் தெருவில் யாரும் கத்துவதில்லை. குக்கரைத் திறந்தேன். அரிசி பாதி வெந்து, தண்ணீருக்குள் வெள்ளையாகக் கிடந்தது.

"விடும்மா. வழியில பஸ்காரன் நிறுத்துவான், அங்க சாப்பிட்டுக்கறேன்."

"பஸ்காரனா உன்னைப் பெத்தான்?"

கரண்ட் திரும்பிவிடும், திரும்பிவிடும் என்று குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்கு மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். போன வருடம் கட்டிடத்தில் தீப்பிடித்ததிலிருந்து வாடகைக்கு இருப்பவர்கள் கரியடுப்பு வைக்கக் கூடாது. நூ நூ அக்காவுடையது சொந்த வீடு.

"திருடி வீட்டு அடுப்பு உனக்கு எதுக்கு?"

"சோறு பாதியில நிக்குதுக்கா."

என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு துணியைப் பிடித்து, கொதிக்கும் பட்டாணிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"எடுத்துட்டு வா. மசமசன்னு நிக்காதே."

நான் வீட்டுக்குள் நுழையும்போது கீழே ஹாரன் அடித்தது. ஸேயாவின் தோளில் பை இருந்தது.

"சீக்கிரமே வந்துட்டான்மா. நிக்க மாட்டேங்கறான்."

பையைக் கழற்றி வைத்துவிட்டு என் காலடியில் மண்டியிட்டான். மூன்று முறை நெற்றி தரையில் பட வணங்கினான். வாழ்த்த வேண்டியவள் நான். எனக்கு வந்ததோ, "சாப்பிடாம போறியேடா" மட்டும்தான். என் மீதே எனக்கு ஆத்திரமாக வந்தது.

படியில் நூ நூ அக்கா ஒரு பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள்.

"இன்னும் சரியா வேகல. வயிறு வலிச்சா என்னைத் திட்டிக்கோ."

அவன் சிரித்தான். சூட்டில் வாயைத் திறந்து ஊதியபடி, பட்டாணியை மென்றுகொண்டே இறங்கிப் போனான்.

சாயங்காலம் மறுபடி "வந்திடுச்சு!" எழுந்தது. குக்கரின் சுவிட்சை அணைக்க நான் மறந்திருந்தேன். அது யாரையும் கேட்காமல், விட்ட இடத்திலிருந்து கொதிக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் டக்கென்று நின்றது. சோறு குழைந்திருந்தாலும் நன்றாகவே வெந்திருந்தது. பள்ளிவிட்டு வந்திருந்த என் மகள் பியூ பழக்க தோஷத்தில் அண்ணன் தட்டையும் சேர்த்து எடுத்து வைத்துவிட்டு, கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"இனிமே அப்பாவுக்கு நான் எடுத்து வைக்கறேன்மா."

கரண்டியை அவளிடமிருந்து வாங்கினேன். முதல் கரண்டிச் சோற்றை ஸேயாவின் தட்டில் வைத்து, அதன் மேல் கறியை ஊற்றினேன்.

"அண்ணனுக்கா? அவன் உன்னைவிடச் சின்னவன்தானே? சின்னவங்களுக்கு வைக்க மாட்டாங்களேம்மா."

"இன்னிக்கு வைக்கலாம்."

கீழே மற்றவர்களின் மோட்டார்கள் உறுமிக்கொண்டிருந்தன. படியிலிருந்து நூ நூ அக்காவின் குரல் வந்தது.

"யின் மே! நான் இன்னும் சுவிட்ச்ல கை வைக்கல. உனக்காகத்தான் நிக்கறேன், சீக்கிரம் வா!"

"வரேன்க்கா" என்றேன். எழுந்திருக்க முடியவில்லை. அவன் தட்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அது அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.