நாணல் குடித்த மருந்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அக்காவைக் கிண்டல் செய்யத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். வேதியியலில் பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு, மாத்திரைத் தொழிற்சாலைக்குப் பின்னால் சேற்றில் நாணல் வளர்க்கிறாள். ஆலையின் கழிவுநீர் அந்தச் செயற்கைச் சதுப்பு நிலத்துக்குள் மெல்ல ஊர்ந்து போகும். மருந்தையெல்லாம் வேரும் சேறும் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் தெளிந்த நீர் வெளியேறும். அதைத் தினமும் சோதித்துவிட்டுக் குடும்பக் குழுவில் படம் வேறு போடுவாள்.

2

முதல் வரி: 'காலை வெயிலில் நாணல்கள் தலையசைத்து' — அடச்சே! எந்தக் கதையில்தான் நாணல் தலையசைக்கவில்லை?

வேறு: 'ஆறு மாதக் கர்ப்பத்தோடு அவள் சேற்றில் இறங்கி' — இறங்கி என்ன செய்வாள்? எனக்கே தெரியவில்லை. போன் போட்டேன்.

3

"நாணல் ரொம்ப உயரமா வளர்ந்துட்டா என்னக்கா பண்ணுவ?"

"வெட்டிடுவோம். அப்பதான் புதுசா துளிர்க்கும்."

"வெட்டுனத?"

"குவிச்சு மக்க விடணும். ஆனா பச்சைப்பசேல்னு இருக்குடா, வீணாக்க மனசே வரல. நம்ம ஆட்டுக்குப் போட்டேன். என்னமா பால் கறக்குது தெரியுமா! தினம் ரெண்டு டம்ளர் நான்தான்..."

பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டாள். (நல்ல எழுத்தாளன் இங்கே மௌனத்தை வர்ணிப்பான். நான் 'அக்கா, அக்கா' என்று போனில் கத்தினேன், அவ்வளவுதான்.)

"டேய், தண்ணிய மட்டுந்தான் டெஸ்ட் பண்ணேன். செடியப் பண்ணவே இல்லடா."

4

பாத்திரத்தை மாற்றிப் பார்த்தேன். அவளைப் படிக்காதவளாக்கினால் நம்பும்படி இருக்கும். ஆனால் நடந்தது இதுதானே! நீரையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, நீர் சுத்தமானதும் வேலை முடிந்துவிட்டது. மருந்து எங்கே போயிற்று என்று நானும் கேட்கவில்லை, யாருமே கேட்கவில்லை. எத்தனையோ வருடம் ஏங்கி, இரண்டு முறை கலைந்து, இப்போதுதான் தங்கியிருக்கிற குழந்தை.

5

முடிவு ஒன்று: பாலில் ஒன்றுமில்லை. எல்லோரும் அவளைக் கேலி செய்து சிரிக்கிறோம்.

முடிவு இரண்டு: பாலில்

(முடியவில்லை. விட்டுவிட்டேன்.)

நாணலும் பாலும் அவள் ரத்தமும் சோதனைக்குப் போயிருக்கின்றன. "பாலை நிறுத்துங்க, மத்தபடி எப்பவும் போல இருங்க" என்றாராம் மருத்துவர். எப்பவும் போல எப்படி இருப்பது?

சற்றுமுன் அக்கா கூப்பிட்டாள். "என்னை வச்சுக் கதை எழுதறியாமே. முடிச்சிட்டியா?"

"இல்லக்கா."

"முடிக்காத. ரிசல்ட் வரட்டும்."

ஆகவே முடிக்க மாட்டேன். பொறுக்க முடியாதவர்கள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எப்படி வேண்டுமானாலும். ஒன்றே ஒன்று: குழந்தை பிறந்ததும் அழ வேண்டும். பக்கத்து வார்டே எழுந்து உட்காரும்படி வீறிட்டு அழ வேண்டும். அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.