தொப்புளில் போடும் துளை

அறுவை மருத்துவரின் அறையில் எனக்கு முந்தி என் கணவர் பேச ஆரம்பித்துவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டார், என்னை மட்டும் அப்படியே நம்புவார்.

"இவளுக்குச் சலவைக்கூடத்துல பெட்ஷீட் மடிக்கிற வேலை டாக்டர். கையைத் தூக்கினாலே வயிறு பிடிச்சு இழுக்குதுங்கறா. ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு மூணு பேர் சொல்லிட்டாங்க. ஆனா இவ பொய் சொல்ற ஆளு இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மருத்துவர் தாளில் ஒரு வயிறு வரைந்தார். பூசணிக்காய் மாதிரி இருந்தது. "பழைய ஆபரேஷனுக்கு அப்புறம் உள்ள தழும்பு நார் மாதிரி வளர்ந்து குடலைப் பிடிச்சுக்கும். ஸ்கேன்ல பெரும்பாலும் தெரியாது. மாத்திரையோட பொறுத்துப் பாக்கலாம். இல்ல, துளை போட்டு கேமரா விட்டுப் பிரிக்கலாம். ரொம்பச் சிக்கலா இருந்தா வயித்தைத் திறக்கணும். பிரிச்சாலும் திரும்ப ஒட்டலாம். வலி போயிடும்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்."

"துளையே போடுங்க," என்றேன். பொறுத்துப் பொறுத்து எனக்கு வெறுத்துவிட்டது.

"முதல் துளை வழக்கமா தொப்புள்லதான். அங்க குடல் ஒட்டியிருந்தா கிழிஞ்சுடும், உயிருக்கே ஆபத்து. ஃபைல்ல இருக்கற குடல்வால் ஆபரேஷன் தவிர வேற ஏதாவது நடந்திருக்கா?"

"இல்லவே இல்ல," என்றார் கணவர்.

நடந்திருந்தது. பத்தொன்பது வயதில் சினைப்பைக் கட்டி முறுக்கிக்கொண்டு, மூன்று துளை போட்டு ஒரு பக்கக் கருக்குழாயோடு எடுத்தார்கள். வரன் தட்டிப்போகும் என்று அம்மாவும் அக்காவும் மூடி மறைத்தார்கள். தொப்புளுக்குள் இருந்த தழும்பு வெளியே தெரியவில்லை. மற்ற இரண்டு துளைத் தழும்பையும் அம்மைத் தழும்பு என்று நானே இவரிடம் சொன்னேன்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், பிள்ளை இல்லை. முதலில் சோதித்தது இவரைத்தான். விந்தணு எண்ணிக்கை கொஞ்சம் குறைவு என்றார்கள். அவ்வளவுதான், இரண்டு வீடும் சேர்ந்து பழியை இவர் தலையில் கட்டின. என்னைச் சோதிக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. ஆறு வருடம் கசப்பு மருந்து குடித்தார். தினமும் டம்ளரை நீட்டிய கல்நெஞ்சுக்காரி நான்தான்.

மருத்துவர் 'இல்லை' என்று எழுதப் பேனாவைத் தாளில் வைத்தார். எனக்கு உயிர் மேல் ஆசை இருந்தது.

"ஒண்ணு நடந்திருக்கு டாக்டர். கல்யாணத்துக்கு முன்னாடி. தொப்புள் வழியாத்தான். ஒரு பக்கக் கருக்குழாயையும் எடுத்துட்டாங்க." மேசையைப் பார்த்தே சொல்லி முடித்தேன்.

"நல்லவேளை சொன்னீங்க. அப்ப இடது விலா எலும்புக்குக் கீழ போடுவோம்."

கணவர் அந்தப் பூசணிக்காய்ப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, மடியில் வைத்திருந்த என் கைப்பையை நாற்காலியில் வைத்தார்.

"நான் வெளியில இருக்கேன் டாக்டர். என் முன்னால சொல்ல முடியாதது இன்னும் ஏதாவது இருந்தா, எல்லாத்தையும் கேட்டு எழுதிக்குங்க. அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.