மாமனார் வீட்டு போர்ட்

நாரின் ஊரில் எல்லாத் தெருவிலும் ஒழுங்காக ஓடும் டிவி, ஒரு சந்தில் மட்டும் ஏன் உறைந்து உறைந்து நிற்கிறது? கேபிள் கம்பெனியில் ரவுட்டரைக் கவனித்துக்கொள்ளும் பெகாயிமுக்கு இரண்டு வாரமாக இதே யோசனை. முதலாளி சகின்பெக்குக்கோ பொறுமை போய்விட்டது. ஞாயிறு மூன்று மணிக்கு கோக்-போரு இறுதி ஆட்டம். குதிரைக்காரர்கள் ஆட்டுடலைப் பறிக்கிற நேரத்தில் அந்தச் சந்தில் படம் நின்றால், ரவுட்டர் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வரும் ஆள் கைக்குப் போகும், அவள் போன் எடுக்கும் மேசைக்குப் போவாள் என்று சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு, அது அவள் மாமனார் குடியிருக்கும் சந்து.

கம்பியை மாற்றினாள், பெட்டியை மாற்றினாள், பலனில்லை. ஞாயிறு மதியம் ரவுட்டரின் பதிவுகளை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்தச் சந்தில் மூன்று வீட்டுக்கு ஒரே கம்பி. மூன்று டிவியும் ஒரே சேனலில் இருக்கும்வரை குறையில்லை. ஒருவர் சேனலை மாற்றிய அடுத்த நொடி மற்ற இரண்டு பேருக்கும் படம் நின்றது.

அட, அப்படியா சேதி என்று நிமிர்ந்தாள். ஒரு சேனலுக்கு ஊருக்கெல்லாம் ஒரே ஓட்டம்தான், அதுதான் மல்டிகாஸ்ட். எந்தக் கம்பி செருகிய போர்ட் கேட்கிறதோ அதற்கு ரவுட்டர் அதைப் பிரித்துவிடும். ஒரு டிவி சேனலை மாற்றி, 'எனக்கு இது போதும்' என்று சொன்னால், அந்தக் கம்பியில் வேறு யாராவது பார்க்கிறார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் நிறுத்தும். லைனில் நெரிசல் தாங்காமல், ஒற்றை வீட்டு போர்ட்டுகளில் விசாரிக்காமலே நிறுத்தும்படி இரண்டு வாரத்துக்கு முன் மாற்றியது அவள்தான். போர்ட்டுக்கு நேரே எழுதிய வீட்டுக்காரர் பெயர்களை எண்ணி, எது ஒற்றை வீடு என்று அவள் எழுதிய ஸ்கிரிப்ட், ஒரு சிறு நிரல், முடிவு செய்தது.

இந்தச் சந்தின் போர்ட்டைத் திறந்தாள். பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. ஒன்றுக்கு மேல் பெயர் இல்லாததால் ஸ்கிரிப்ட் அதையும் ஒற்றை வீடு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்தவளும் அவளே. மாமனாரும் அவர் தம்பிகள் இருவரும்தான் அந்த மூன்று வீடு. மருமகளாக வந்த பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பெயர்களை அவள் வாயால் சொன்னதில்லை. எந்த மருமகள்தான் சொல்லுவாள்? விரலும் அவளுக்குத் தெரியாமலே அதே மரியாதையைக் காட்டியிருக்கிறது.

மணி இரண்டே முக்கால். பெயருக்குப் பதில் ஏதாவது மூன்று எழுத்தைப் போட்டுவைக்கலாமா என்று பார்த்தாள். சந்தாதாரர் பட்டியலில் இல்லாத பெயரை ஸ்கிரிப்ட் ஏற்காது. அந்தக் கெடுபிடியும் அவள் வைத்ததுதான். காலி அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டினாள். ஜுமாதில். மமித்பெக். எசெங்குல்.

ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் ஒரு டிவி, 'எனக்குப் போதும்' என்றது. ரவுட்டர் விசாரித்தது. இரண்டு டிவி பதில் சொன்னது. ஓட்டம் நிற்கவில்லை. அவள் மூச்சு விடுவதற்குள் மாமனாரிடமிருந்து போன்.

"தம்பி எசென் வீட்டுல சீரியல் போட்டாச்சு. இங்க படம் நிக்கல. என்னம்மா பண்ணின?"

கம்பியில் கோளாறு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அவள் பெயர்களை எழுதியதையும், அதுவரை எழுதாமல் விட்டதால் வந்த வினையையும் ஒளிக்காமல் சொன்னாள். ரவுட்டர் வேலை போனாலும் போகட்டும், இவர் மனம் நோகக் கூடாதே என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்ப ரெண்டு வாரமா நாங்க பாதி ஆட்டம் பார்த்தது நீ காட்டின மரியாதையாலயா?"

"ஆமா மாமா."

"இதுவரைக்கும் காட்டினது போதும்மா. இனி கொஞ்சம் குறைச்சுக்கோ, படம் ஓடட்டும்."