மிச்சம் திரும்பும் குழாய்

அந்தச் சிவப்புக் கார் முதன்முதலாக முழு வேகம் எடுத்தபோது தெருமுனை டீக்கடையில் இருந்த டீ முழுவதையும் குடித்துவிட்டது. டம்ளர்கள் கையில் சூடாகவே இருந்தன, அடியில் சர்க்கரை மட்டும் மிச்சம். சலூனில் ஒருவர் முகத்தில் பூசியிருந்த நுரை பொடியாக உதிர்ந்தது. வரிசையாக நின்ற ஸ்கூட்டர்களின் பெட்ரோல் டேங்குகள் வறண்டன. கார் அப்போது பட்டறைக்குள் உருளைகள்மேல் கட்டப்பட்டிருந்தது. ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

பட்டறையை நடத்தியது ஒரு கணவனும் மனைவியும். பழைய காரொன்றை வாங்கி, பிஸ்டன்களை மாற்றி, டர்போ பூட்டி, அதன் சக்தியை நான்கு மடங்காக்கியதுவரை இருவருக்கும் ஒரே மனசு. இவ்வளவு பெரிய பசிக்குப் பெட்ரோலை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் பிளவு. டேங்குக்குள் பெரிய பம்பு ஒன்று, அங்கிருந்து எஞ்சினுக்கு நேர்க்குழாய், ஒழுக இடமே இருக்காது என்றான் அவன். சின்ன பம்புகள் இரண்டு, எஞ்சின் எரித்ததுபோக மிச்சத்தை டேங்குக்கே கொண்டுவர இன்னொரு குழாய் என்றாள் அவள். காலைப் பலகாரத்தில் தொடங்கும் சண்டை விளக்கணைத்த பிறகும் ஓடும். விருந்துக்கு வந்தவர்கள் ஏதோ ஒரு கட்சியில் சேர்ந்துதான் வீட்டுக்குப் போனார்கள். பிறகு அவளுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் திரும்பி வரும்போது ஓட்டிக்காட்டி வாயை அடைக்கலாம் என்று அவன் தன் பம்பைப் பூட்டினான். டீ காய்ந்தது அன்றைக்குத்தான். போன் வந்தபோது எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அடக்கத்தன்று அவன் அழவில்லை. அதன்பின் ஒரு வருடமும் அழவில்லை. தினமும் மாலையில் காரை மட்டும் ஓட்டினான். தெரு பழகிக்கொண்டது. ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டால் டீயை ஒரே மடக்கில் விழுங்கினார்கள், ரசம் வைத்தவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தில் மிஞ்சிய பருப்பைப் பார்த்தார்கள். இஸ்திரிக்காரர் மட்டும் பட்டறை வாசலில் கொடி கட்டி ஈரத்துணிகளைப் போட்டார். அவருக்குப் புகார் எதுவும் இல்லை.

கடைசியில் தெரு கூடிப் பேசியது. ஒரு வருடத்தில் எல்லாரும் நிபுணர்களாகியிருந்தார்கள். சலூன்காரர் பழைய கார்புரேட்டரே யோக்கியமானது என்றார். தையல்காரம்மா, ஊசிக்கண்ணில் தனக்கிருக்கும் அனுபவத்தை வைத்து, இன்ஜெக்டர் துளைகளைச் சின்னதாக்கச் சொன்னாள். டீக்கடைக்காரர் காரையே டீசலுக்கு மாற்றச் சொன்னார். டீசல் வண்டி டீ குடித்து அவர் பார்த்ததில்லையாம். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் பெட்டியைக் கட்டியிருந்தாள். மகள் போனபிறகும் அவனுக்குச் சமைத்துப்போட்டு அங்கேயே இருந்தவள். அவனுக்கும் வேறு யாரும் இல்லை.

"என் பொண்ணுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவரு வீட்ல எனக்கென்ன வேலை மாப்ளே?"

"வரமாட்டேங்குது அத்தை."

"அவ கேட்டதையாவது போட்டிருக்கலாம். 'இழுத்துக்கிட்டா மட்டும் போதுமாம்மா, மிச்சத்தைத் திருப்பித்தர வழி வேணாமா'ன்னு ஆஸ்பத்திரியிலகூடப் பொலம்பிக்கிட்டுக் கெடந்தா. எனக்கு ஒரு மண்ணும் புரியல."

 போட்டுவிடுகிறேன், அதுவரை இருங்கள் என்றான் அவன். பஸ்ஸை விட்டுவிட்டு அவள் பெட்டியோடு பட்டறைக்கு வந்து, மகள் நின்ற இடத்தில் நின்று டார்ச் பிடித்தாள். கேட்ட ஸ்பேனரைத் தவிர மற்ற எல்லா ஸ்பேனரையும் எடுத்துக்கொடுத்தாள். பெரிய பம்பு வெளியே வந்தது, சின்னவை இரண்டும் உள்ளே போயின, திரும்பும் குழாய் காரின் வயிற்றோடு ஓடி டேங்கில் முடிந்தது.

சாவியைத் திருப்பியதும் ஒரு வருடத்து மிச்சம் திரும்பத் தொடங்கியது. கடைசியில் குடித்தது முதலில் வந்தது. விலாசம்தான் கொஞ்சம் குழம்பியது. சலூன்காரரின் தண்ணீர்ப் புட்டியில் ரசம் நிறைந்து, ஒரு மாப்பிள்ளைப் பையனுக்கு அதிலேயே சவரம் நடந்தது. இஸ்திரிக்காரர் உலர்த்திக் கொடுத்த துணிகளெல்லாம் இருந்த இடத்திலேயே நனைந்தன. பேங்க் மேனேஜர் ஒருவர் தன் நாற்காலியில் சொட்டச் சொட்ட உட்கார்ந்து கடன் மனுக்களை நிராகரித்தார். பிறகு ஸ்கூட்டர்கள் நிறைந்தன. பிறகு டீக்கடையின் காலி டம்ளர்களில் முதல் நாள் டீ, அன்றிருந்த அதே சூட்டில், நுரையோடு ஏறியது. எடுத்துக் குடித்தவர்கள் சர்க்கரை குறைவு என்றார்கள்.

அதற்கும் முன்னால் கார் குடித்தது ஒன்றே ஒன்றுதான். காரில் அவனைவிடப் பக்கத்தில் யாரும் இருந்ததில்லை. அது ஸ்டியரிங்குக்குப் பின்னால், அவன் கண்களில் வந்து சேர்ந்தது. சட்டை காலர் நனைந்தது, மடி நனைந்தது, கால்மிதியில் தேங்கியது. மாமியார் கதவைத் திறந்து முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். துடைத்ததை முகர்ந்து பார்த்தாள்.

"பெட்ரோல் வாடை அடிக்குது. இன்னைக்கு அடுப்படிப் பக்கம் வந்துடாதீங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

இப்போதும் மாலையில் எஞ்சின் ஏறினால் டீக்கடையில் டம்ளர்கள் பாதியாகும், அணைந்தால் நிரம்பும். பேச்சை யாரும் நிறுத்துவதில்லை.