புத்தகத்துக்கு முதுகு காட்டும் இரண்டு சிங்கங்கள்

1

இந்தக் கதை ஓர் உத்தரவில் பிறந்தது. கல்லூரிப் பத்திரிகைக்கு நான்தான் மாணவ ஆசிரியர். வாசகசாலையில் இருக்கும் வெண்கலச் சிங்கங்கள் உணர்த்தும் தத்துவத்தைக் கதையாக எழுது, கடைசியில் உன் வகுப்புத் தோழன் தனக்கோடி மன்னிப்புக் கேட்பதாக முடி என்றார் பிரின்ஸிபால். ஆக, முடிவு கையில் இருக்கிறது, கதைதான் இல்லை. மற்ற எழுத்தாளர்களுக்கு இது தலைகீழாக நேரும் என்று கேள்வி.

2

முதல் தொடக்கம்: நாற்பத்தேழில் கன்டோன்மென்டைவிட்டுக் கப்பலேறிய ஒரு கர்னல் (கர்னல்தானா? மீசை இருந்ததாம், கர்னல் என்றே வைத்துக்கொள்வோம்) எங்கள் கல்லூரிக்கு ஒரு வரிசை தடிப் புத்தகங்களையும், அவை சரியாமல் இருபுறமும் முட்டுக்கொடுக்க இரண்டு சிங்கங்களையும் தந்துவிட்டுப் போனார். சிங்கம் என்பது சாம்ராஜ்யத்தின்—

இந்த இடத்தில் தனக்கோடி நிறுத்தச் சொன்னான். அல்சூரிலிருந்து நடந்தே வகுப்புக்கு வருகிறவன். அவன் வீட்டில் காலேஜுக்குள் கால் வைத்த முதல் ஆள்.

"சாம்ராஜ்யம் போயி ஆறு வருஷமாச்சுடா. சிங்கம் இன்னும் டேபிள் மேல குந்திக்கினு இருக்குது. அத்த எழுது."

இரண்டாம் தொடக்கம்: நம் ரூபாய் நோட்டுச் சிங்கங்களும் முதுகோடு முதுகு சேர்த்துத்தான் நிற்கின்றன. நடுவில் புத்தகம் இல்லாததால் அவற்றின்மேல் புகார் இல்லை. (பிரின்ஸிபால் இதை அடிப்பார். நானே அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும்.)

3

நடந்தது இதுதான். எங்கள் சிங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்து உட்கார்ந்திருந்தன. அவற்றின் தட்டையான முதுகில் புத்தகங்கள் சாய்ந்திருந்தன. போன வாரம் தனக்கோடி இரண்டையும் திருப்பி, முகம் புத்தகத்தைப் பார்க்கும்படி வைத்தான்.

(முதல் பிரதியில் திருப்பியவன் நான் என்று எழுதியிருந்தேன். "என் வேலைய நீ திருடாத. சொந்தமா எதுனா பண்ணு" என்று என் பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்துவிட்டான்.)

மூக்கு நுனியில் புத்தகம் எவ்வளவு நேரம் நிற்கும்? பிரின்ஸிபால் ஒரு விருந்தாளிக்குக் கர்னலின் பரிசைக் காட்டிக்கொண்டிருந்தபோது மொத்தமும் சரிந்தது. விருந்தாளி குனிந்து ஒன்றை எடுத்தார். பிரிக்க முடியவில்லை. அச்சகத்தில் மடித்த தாள்கள் மடித்தபடியே இருந்தன. இந்த மாதிரிப் புத்தகத்தைப் படிக்கிறவர்தான் கத்தி வைத்து ஓரம் வெட்டிப் பிரிக்க வேண்டும்; ஒருவரும் வெட்டவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே.*

* கர்னலும் படிக்கவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

4

'தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும்' என்று திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் தனக்கோடிக்குப் பரீட்சை ஹால் டிக்கெட் கிடையாது. லைப்ரேரியன் அலெக்சாண்டர் சார் காகிதத்தோடு வந்தார்.

"சும்னே சைன் பண்ணிடு மேன். ஒரு வருஷம் வேஸ்டாப் போயிடும்."

"செஞ்சேன்னு போடறேன் சார். தெரியாமன்னு போட மாட்டேன்."

"அப்படி என்ன மேன் தெரியும் உனக்கு?"

"போன மாசம் அதுல ஒண்ணு படிக்கக் கேட்டேன். படிக்கறதுக்கு இல்ல, பாக்கறதுக்கு வெச்சதுன்னு சொன்னீங்க. அதான், சிங்கத்தையும் பாக்கச் சொன்னேன்."

அலெக்சாண்டர் சார் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

5

முடிவுகள்.

அ) தனக்கோடி கையெழுத்துப் போடுகிறான். (எழுதிப் பார்த்தேன். வேறு யாரோ போட்டதுபோல் இருந்தது.)

ஆ) பிரின்ஸிபால் மனம் மாறுகிறார். (மாயாஜாலக் கதை எனக்கு வராது.)

இ) சிங்கங்கள் எழுந்து— ("போடா" என்றான் தனக்கோடி.)

பிரின்ஸிபால் கேட்ட கடைசி வரிக்கு இடம் மட்டும் விட்டிருக்கிறேன்:

. . . . . . . . . . . . . . . .

அதை நான் நிரப்பப் போவதில்லை, அவனும் மாட்டான். ஆகவே இது அச்சேறாது. கார்பன் வைத்து நகல் எடுத்து, கான்டீன் மேஜைகளில் போட்டிருக்கிறேன். இட்லிக்குப் பக்கத்தில் இப்போது நீங்கள் படிப்பது அதுதான்.

சிங்கங்கள் மறுபடி புத்தகத்துக்கு முதுகு காட்டுகின்றன. ஒருவன் திருப்பினால் அவனைப் பரீட்சைக்கு வெளியே நிறுத்தலாம். கான்டீன் முழுக்க எழுந்து போய்த் திருப்பினால் யாரை நிறுத்துவார்கள்? வாசகசாலை சாயங்காலம்வரை திறந்திருக்கும். சிங்கம் கனம், இரண்டு கையாலும் பிடியுங்கள். புத்தகங்கள் விழும், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கத்தி கொண்டுவர மறக்க வேண்டாம்.