ஐந்தாவது நீர்க்காகம்

ஆற்றங்கரைக்கு வந்தவர்கள்: மனநலக் காப்பகத்தில் இருக்கும் என் அண்ணன் செல்வின், அங்கே வார்டனாக இருக்கும் சுருளிராஜன், நான். மூவருக்கும் ஒரே குடை.

"அண்ணன் ரெண்டு மணி நேரம் வம்பில்லாம இருந்தா டாக்டர்ட்ட நானே சொல்றேன் தம்பி. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு அனுப்பிருவாக" என்றார் சுருளிராஜன்.

அவன் காப்பகத்துக்குப் போய்ப் பதினெட்டு மாதம் ஆகிறது. அம்மா அவனுக்குச் சட்டைகூட எடுத்துவிட்டாள்.

உத்தமபாளையம் தாண்டி முல்லையாறு கலங்கலாக ஓடியது. செல்வின் தெளிவாக இருந்தான்.

"அங்கன பாரு ஸ்டீவா, குருட்டுக்கொக்கு. அதுக்கு மேக்க உண்ணிக்கொக்கு."

"ரெண்டும் கொக்குதான?"

"அப்ப நீயும் நானும் ஒண்ணா? உள்ள இருக்கது நான் மட்டுந்தானடா."

சுருளிராஜன் சத்தமாகச் சிரித்தார். அவன் பேச்சு தந்த நம்பிக்கையில்தான் எங்களை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, ரோட்டுக்கடைக்கு டீ வாங்கப் போனார்.

எதிரே பாறையில் நீர்க்காகங்கள். ஒவ்வொன்றாக முங்கின. "அஞ்சு" என்றான் செல்வின்.

நூல் மில்லில் நைட் ஷிப்டை விட்டு மூன்று மாதம். அண்ணனைப் பார்த்துக்கொள்ளத்தான் விட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பொய். சூப்பர்வைசரோடு சண்டை. வேலையை விட்டது உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. காலை பத்து மணியானால் கண் சொருகிவிடும். அன்றும் சொருகியது.

சுருளிராஜன் கத்தியதில்தான் விழித்தேன். செல்வின் நெஞ்சளவு தண்ணீரில் நின்று, கைகளால் ஆற்றைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"நாலுதான் மேல வந்துச்சு. ஒண்ணக் காணோம்!"

இருவரும் இறங்கி இழுத்துவந்தோம். அவன் செருப்பு போய்விட்டது. உதடு நீலமாகியிருந்தது.

"நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?" என்றார் சுருளிராஜன்.

"தூங்கிட்டேன். டாக்டர்ட்ட சொல்லாதீகண்ணே."

"இம்புட்டு ஈரத்த எங்க மறைக்க?"

காப்பக வாசலில் டாக்டர், அண்ணனின் செருப்பில்லாத காலைப் பார்த்தார், பிறகு என்னை. "இந்த வருஷம் வேண்டாம்" என்றார். அடுத்த வருஷம் பற்றி நான் கேட்கவில்லை.

உள்ளே போகும்போது செல்வின் திரும்பினான். "அது மேல வந்துச்சா?"

"வந்துச்சு" என்றேன். நான் பார்க்கவில்லை.

அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். சுருளிராஜன் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினார்.